நெல்லிக்கனியை ஒரு பக்கம் வையுங்கள்

தருமபுரிப் பட்டிமன்றக் குழுவினருக்கு,

வணக்கம். பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடைச் சுவரில் உங்கள் நோட்டீஸைப் பார்த்தேன். 'இங்கிலாந்து மன்னரைத் தலைவராக வைத்திருக்கும் நாடுகள் குடியரசாக மாற வேண்டுமா, வேண்டாமா?' நம்மூரில் இப்படியொரு தலைப்பா என்று முதலில் சிரிப்புதான் வந்தது. டீ ஆறுவதற்குள், இதைப் பேச நம்மூரைவிடத் தோதான இடம் கிடையாது என்று பட்டது.

ஒரு வேண்டுகோள். மன்னர் அணியில் யாராவது எழுந்து அதியமானையும் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியையும் எடுப்பார். எடுக்காமல் விடமாட்டார். கைதட்டல் விழும், விவாதம் அங்கேயே படுத்துவிடும். அதியமான் வள்ளல்தான், யார் இல்லையென்றது? ஆனால் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை, அன்று தகடூர் என்றிருந்த நம்மூரை அடித்துப் பிடித்தபோது, இனி உங்களை யார் ஆளலாம் என்று இந்த ஊர்க்காரர்களை எவரும் கேட்கவில்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு நம்மூரும் சேர்ந்த பாரமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோதும் கேட்கவில்லை. கிரயம் எழுதும்போது காட்டோடு கிணறும் சேர்ந்து போவதுபோல நாமும் போனோம். மன்னர் நல்லவரா என்பதல்ல என் வழக்கு. கேட்டார்களா என்பதுதான்.

குடியரசு அணிக்கு ஆள் வேண்டுமானால் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறார். 1947-இல் விடுதலை கிடைத்த பிறகும் நமக்கு ஒரு மன்னர் இருந்தார் என்பது பலருக்கு நினைவில் இல்லை. 1950 ஜனவரி 26 வரை ஆறாம் ஜார்ஜ்தான். அவருடைய பிரதிநிதியாக 1948 ஜூன் முதல் கவர்னர் ஜெனரல் நாற்காலியில் இருந்தவர் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. (பெயரிலேயே சக்கரவர்த்தி!) குடியரசு பிறந்த அன்று அவரோடு அந்தப் பதவியும் முடிந்தது. ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். பிரிட்டன் ஆண்ட நாடுகளின் கூட்டமைப்பான காமன்வெல்த்தை விட்டுக்கூட நாம் விலகவில்லை. அதற்கு வழி 1949 ஏப்ரலிலேயே லண்டனில் பேசி முடித்தாகிவிட்டது. முடி இறங்கினால் நாடு குலையும் என்று முழங்கப்போகிறவர்கள் ஒரு நடை தொரப்பள்ளிக்குப் போய்வரட்டும்.

நிஜமான சண்டை வேறு இடத்தில் கிடக்கிறது. 1999 நவம்பர் 6-இல் ஆஸ்திரேலியாவில் இதற்காகவே வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடு. அத்தனை பேரும் ராணி பக்தர்கள் இல்லை. தலைவரை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நியமிக்கும் என்றது திட்டம். எங்கள் ஓட்டில்தான் வரவேண்டும் என்ற குடியரசுக்காரர்களில் ஒரு பகுதியே எதிர்த்துக் குத்தியது. கரீபியன் தீவு நாடான பார்படோஸ் இந்த வம்புக்கே போகவில்லை. வாக்கெடுப்பு இல்லாமல், கவர்னர் ஜெனரலாக இருந்த சாண்ட்ரா மேசனையே நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க, 2021 நவம்பர் 30-இல் முதல் குடியரசுத் தலைவரானார். காரியம் சுத்தம். ஆனால் தகடூர்க்காரனான எனக்கு உறுத்துகிறது: மன்னரை அனுப்பும்போதாவது ஜனங்களைக் கேட்டிருக்கலாமே? நம்மிடமும் இதற்கென்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. நம் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்கு ஆள் அனுப்பியதில் எல்லாருக்கும் ஓட்டும் இல்லை. குடியரசுக்காரனாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

ஆகவே தலைப்பை மாற்றுங்கள். 'குடியரசாவதை ஜனங்கள் தீர்மானிப்பதா, நாடாளுமன்றமா?' என்று வையுங்கள். இரண்டு அணிக்கும் வியர்க்கும்.

முன்வரிசையில் இருப்பேன். நெல்லிக்கனி வந்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
தருமபுரிவாசி ஒருவன்