கணக்கில் ஏறிய பிறகு கொடு

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ கேமராவை விற்கப்போவதாக அக்கா சொன்னாள். காரணம் கேட்க நான் இதை எழுதவில்லை. உன் பொருள், உன் முடிவு. முகம் தெரியாதவரிடம் பணம் வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தன்னை ராணுவ அதிகாரி என்று சொல்லி, அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பி, நேரில் வர விடுப்பு இல்லை, முன்பணத்துக்கு இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒருவர் கேட்டால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடு. ஸ்கேன் செய்வதும் யுபிஐ பின் எண்ணை இடுவதும் பணம் கொடுப்பவரின் வேலை. பெறுபவருக்கு இரண்டும் வேண்டியதில்லை. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நம்பாதே. தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பித் தாருங்கள் என்பதும் அதே வித்தைதான். உன் வங்கிக் கணக்கை நீயே திறந்து, பணம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே கேமராப் பையைக் கொடு. கேமராவிலும் லென்ஸிலும் பொறித்துள்ள வரிசை எண்களைக் குறித்து, தேதியிட்டு, இருவரும் கையெழுத்திட்ட தாளொன்றை வைத்துக்கொள். மெமரி கார்டை எடுத்துவிடு. தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் வேறெங்கும் இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழை.

தெருவில் யாருக்குக் கைப்பேசியில் சிக்கல் வந்தாலும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள், எனக்குப் பெருமைதான். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பேசி மூன்று மாதமாகிறது.

2009-இல் பட்டறை லேத்தை விற்றபோது, 85,000 ரூபாய்க்குக் காசோலை வாங்கிக்கொண்டு, அது பணமாகுமுன்பே இயந்திரத்தை லாரியில் ஏற்றிவிட்டேன். காசோலை திரும்பியது. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் காசோலை தந்தவருக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்திருக்கலாம். வெட்கத்தால் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அந்த 30 நாட்களையும் கடத்தினேன். அவள் வளையல் அடகுக்குப் போனது உன் கல்லூரிக் கட்டணத்தால் என்று உன் எதிரிலேயே சொன்னேனே, அது பொய். லேத்துப் பணம் வந்திருந்தால் வளையலைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. நீ அன்று தலைகுனிந்து நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

பணம் ஏறியதைப் பார்த்த பிறகே கொடு. ஏறியதும் எழுது, ஏறாவிட்டாலும் எழுது. லென்ஸ்களையும் சேர்த்தே விற்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா