அந்தக் குட்டியின் வாலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் ஒரு கிராமத்துத் திருவிழாப் படம் வந்திருந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும் குதிரை, எதிரே கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும் இளைஞர், சுற்றிலும் கைதட்டும் கூட்டம். 'முரட்டுக் குதிரையை அடக்கிய வாலிபர்' என்று தலைப்பு. குதிரைக்கு வயது 2 என்று கீழே போட்டிருந்தீர்கள். நான் அறுபதைத் தாண்டியவன். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பேப்பர் படிக்கிறேன். அந்தப் படத்தை மட்டும் அரை மணி நேரம் பார்த்தேன்.

குட்டியின் காது இரண்டும் பின்னால் படிந்திருக்கின்றன. காதை மட்டும் பார்த்தால் கோபம் என்று சொல்லிவிடலாம். வாலையும் பாருங்கள். தொடைகளுக்கு நடுவே செருகி வைத்திருக்கிறது. கோபம் வந்த குதிரை வாலைச் சுழற்றி அடிக்கும், இப்படி ஒடுக்கிக்கொள்ளாது. கண்ணில் வெள்ளை தெரிகிறது, மூக்குத் துவாரம் காசு அகலத்துக்கு விரிந்திருக்கிறது. அந்தக் குட்டி நடுங்கிக்கொண்டு நிற்கிறது. முரடு என்று எதை வைத்து எழுதினார்களோ தெரியவில்லை.

குதிரைக்குக் கண் முகத்தின் இரண்டு பக்கமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலேயே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். தெரியாத இடம் இரண்டுதான்: மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். படத்தில் சரியாக அந்த இரண்டு இடத்திலும் ஆள் நிற்கிறார்கள், பின்னால் இருப்பவர் கையில் சாட்டை. எதிரில் நிற்பவரைப் பார்க்க அது தலையைத் தூக்கித்தான் ஆகவேண்டும். அதைத் திமிர் என்கிறோம். கயிற்றை இழுக்க இழுக்க அது எதிர்ப்பக்கம் இழுக்கும், அது பிறவிக் குணம். முன்னால் போக வழியில்லை, பின்னால் சாட்டை. மேலே எழும்பாமல் வேறு எங்கே போகும்?

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். அப்பா கோபியில் ஜட்கா, அதாவது குதிரை வண்டி, ஓட்டியவர். தகுதி அதனால் வந்ததில்லை, 1994-ல் நான் செய்த தப்பால் வந்தது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒன்றரை வயது கத்தியவார் இனக் குட்டி ஒன்றை வாங்கினேன். உடம்பில் முடிச் சுழி பார்த்தேன், நெற்றிப் பொட்டு பார்த்தேன், காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து தொட்டுக்கொள்ளும் அழகைப் பார்த்தேன். வயதைக் காட்டுவது பல், ஆனால் வாய்க்குள் பார்க்கவில்லை. வாங்கிய ஏழு மாதத்தில் முதுகில் ஏறிவிட்டேன். அப்போது எனக்கு 70 கிலோ எடை. மூன்றாம் நாள் தூக்கிப் போட்டதில் எனக்குக் காறை எலும்பு முறிந்தது. ஊரெல்லாம் குதிரையைத்தான் திட்டியது, நானும் சேர்ந்து திட்டினேன். அதற்கப்புறம் சேணத்தைக் கண்டாலே அதற்கு உடம்பு நடுங்கும். நாலு வயதில் முழங்கால் வீங்கி நொண்ட ஆரம்பித்தது. வாங்கிய விலையில் பாதிக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

குதிரைக்கு எலும்பு கீழிருந்து மேலாக முற்றும். குளம்புப் பக்கம் முதலில், முழங்கால் ஏறக்குறைய இரண்டரை வயதில், முதுகெலும்பு கடைசியில். அது முழுதாக முற்ற ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். வளர்ந்துவிட்ட மாதிரி உயரத்தில் தெரியும், அதில்தான் ஏமாந்து போகிறோம். ரேஸில் இரண்டு வயதில் ஓடவில்லையா என்பார்கள். ஓடுகிறது. அங்கே ஏறுகிறவர் எடையைக் கிராம் கணக்கில் பார்க்கிறார்கள், டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார். அப்படியும் எத்தனை குதிரைக்குக் கால் போகிறது.

இப்போது என்னிடம் எட்டு மாதப் பெண் குட்டி ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் கால் மணி நேரம்தான் பாடம். கயிற்றை லேசாக ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன். இழுக்க மாட்டேன், விடவும் மாட்டேன். அது தலையை ஆட்டும், பின்வாங்கும், என்னையே பார்க்கும். எப்போதோ ஒரு காலை என் பக்கம் எடுத்து வைக்கும். அந்த நொடியே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இரண்டு நொடி தாமதித்தாலும் எதற்குக் கூலி கிடைத்தது என்று அதற்குப் புரியாது. தளர்ந்ததும் நாக்கால் உதட்டை நக்கி வாயை மெல்லும், அதுவரை இறுகியிருந்த தாடை அப்போதுதான் இளகும். வாசலில் இருக்கும் நீல டிரம்முக்குப் பழக்க ஒரு வாரம் ஆனது. வீட்டுக்காரி அதையே கவிழ்த்து வைத்தாள். மறுநாள் குட்டிக்கு அது புது டிரம், மறுபடி முதலிலிருந்து.

அப்பா வண்டியில் பூட்டும் முன் மாதக்கணக்கில் இரண்டு மூங்கிலை மட்டும் கட்டி, குட்டியைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போவார். வேலையில்லாத மனுஷன் என்று நாங்கள் சிரிப்போம்.

இன்னொன்று. படத்தில் கடிவாளம் சரியாகத் தெரியவில்லை, வாயோரம் ரத்தம் மாதிரி ஏதோ தெரிகிறது. முள் வைத்த கடிவாளம் 1965-ல் வந்த மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே கூடாது என்று இருக்கிறது. அதையும் உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த இளைஞரைக் குறை சொல்லவில்லை, அந்த வயதில் நானும் அதேதான் செய்தேன். வரும் ஆடியில் சந்தைக்கு உங்கள் நிருபர் வந்தால் என்னைத் தேடச் சொல்லுங்கள். கீழ்த்தாடையின் நடுப்பால்பல் இரண்டும் விழுந்து புதுப்பல் வர இரண்டரை வயதாகும், ஓரப்பல் மாற நாலரை. உதட்டை விலக்கிப் பார்ப்பது எப்படி என்று காட்டித் தருகிறேன். வயதை வியாபாரி சொல்லக் கேட்டு எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கோபிசெட்டிபாளையம்.