பதினோராம் வகுப்பு ஆங்கிலத்துக்குக் கிடைத்திருக்கும் ஓராண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்தில், கடலோரக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக ஆங்கிலம் கற்பித்துவருகிறேன். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டு, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து கைவிடப்படுகிறது என்று அறிவிக்கப்பட்ட நாள்முதல், அது பற்றிய கட்டுரைகளையும் கடிதங்களையும் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் படித்தவரை, அவை இயற்பியலையும் கணிதத்தையும் நுழைவுத்தேர்வுகளையும் பற்றியே கவலைப்படுகின்றன. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால், மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் ஒவ்வொரு மாணவரும், எந்தப் பிரிவை எடுத்தாலும், ஆங்கிலம் என்ற மொழிப்பாடத்தில் இரண்டு ஆண்டுகள் கதையும் கவிதையும் கட்டுரையும் படிக்கிறார்கள் என்பதையும், அந்தப் படிப்புக்கு இந்த அறிவிப்பால் என்ன நேரும் என்பதையும் யாரும் எழுதக் காணோம் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கு முதல்முறையாகப் பொதுத்தேர்வு நடப்பதற்கு முன்னர் நிலைமை எப்படி இருந்தது என்பது ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நினைவிருக்கும். பிளஸ் ஒன் புத்தகத்தைப் பெயருக்குப் புரட்டிவிட்டு, பல பள்ளிகளில் அந்த ஆண்டே பிளஸ் டூ பாடங்களைத் தொடங்கிவிடுவார்கள். இயற்பியலில் அப்படி விட்ட பாடம் நுழைவுத்தேர்வில் வந்து இடிக்கும். அப்போது எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் விட்ட பாடம் எங்கேயும் வந்து இடிப்பதில்லை. அது விடுபட்டது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். அந்தப் பழைய வழக்கம் திரும்பினால் முதலில் காணாமல் போவது ஆங்கில இலக்கிய வாசிப்பாகத்தான் இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

காணாமல் போவது சாதாரணப் பொருள் இல்லை. 2018-இல் வந்த பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் நைஜீரியக் கவிஞர் கேப்ரியல் ஒகாரா இருக்கிறார். உள்ளத்தோடு சிரித்த காலம் போய்ப் பல்லால் மட்டும் சிரிக்கும் காலம் வந்துவிட்டதை ஒரு தகப்பன் மகனிடம் சொல்லும் அவரது கவிதையைப் படித்துக் காட்டினால், பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். குஷ்வந்த் சிங்கின் பாட்டி இருக்கிறார். மேரி கோம் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். எங்கள் மாவட்டத்திலேயே, சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேரறிஞர் அண்ணா ஆங்கிலத்தில் ஆற்றிய பட்டமளிப்பு விழா உரை இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்டு, மன்னர்களின் சாவைப் பற்றித் தரையில் உட்கார்ந்து பேச அழைக்கும் பகுதியும் இருக்கிறது. ஆங்கில இலக்கியம் என்றால் இங்கிலாந்தில் எழுதப்பட்டது மட்டும்தான் என்று எண்ணி வரும் ஒரு மாணவன், அந்த மொழியில் நைஜீரியாவும் மணிப்பூரும் சிதம்பரமும் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போகலாம். புத்தகம் தொகுத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

குறை புத்தகத்தில் இல்லை. அதை நாங்கள் வகுப்பில் நடத்தும் முறையிலும், அந்த முறையைத் தீர்மானிக்கும் தேர்விலும் இருக்கிறது. முன்பு இரண்டு தாள்களுக்கு 200 மதிப்பெண்ணாக இருந்த ஆங்கிலம் இப்போது ஒரே தாள்; அதில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90-க்குள் இலக்கணம், மின்னஞ்சல், தன்விவரக் குறிப்பு, சுருக்கி எழுதுதல் எல்லாம் போக, கவிதைக்கு மிஞ்சுவது சில குறுவினாக்களும், நாங்கள் ஈ.ஆர்.சி என்று சொல்லும் இடஞ்சுட்டி விளக்கும் வினாக்களும், ஒரு பத்தி விடையும்தான். ஈ.ஆர்.சி-க்கு வரக்கூடிய வரிகள் எவை என்பது கைடு வைத்திருக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் தெரியும். கவிதையின் பெயர், கவிஞர் பெயர், இடம், விளக்கம் என்று நான்கு வாக்கியங்களை வரிசை மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். மெல்லக் கற்போருக்காக நாங்களே தயாரித்துக் கொடுக்கும் கையேட்டில், எந்தக் கவிதைக்கும் பொருந்தும் பொதுவான விளக்க வாக்கியம்கூட உண்டு.

இதன் விலை என்ன என்பதை ஒரு வகுப்பை வைத்துச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் தோரு தத் எழுதிய சவுக்கு மரக் கவிதை இருக்கிறது. 1856-இல் கல்கத்தாவில் பிறந்து, ஐரோப்பாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து, அண்ணனையும் அக்காவையும் பறிகொடுத்து, தானும் 21 வயதிலேயே 1877-இல் மறைந்த பெண் அவர். சிறு வயதில் உடன்பிறந்தாரோடு விளையாடிய தோட்டத்து மரத்தைத்தான் பாடுகிறார். மலைப்பாம்பு போல ஒரு கொடி சுற்றிக்கொண்டு ஏறிய மரம். விடியலில் உச்சிக் கிளையில் ஒரு குரங்கு தனியே உட்கார்ந்து சூரியன் எழுவதைப் பார்க்கும் மரம்.

சவுக்கு எங்கள் ஊரின் பயிர். வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலாவது, அல்லது பக்கத்து வீட்டிலாவது சவுக்குக் கொல்லை இருக்கும். கவிதையின் முதல் பத்தியை நான் விளக்கி முடித்தவுடன் ஒரு மாணவன் எழுந்து, "சார், சவுக்கை நாலஞ்சு வருஷத்துல வெட்டிடுவாங்களே, அதுல எப்படி சார் இவ்வளவு பெரிய கொடி ஏறும்?" என்று கேட்டான். பேப்பர் மில்லுக்கும் சாரக் கட்டைக்கும் வெட்டி அனுப்பும் மரத்தை மட்டுமே அவன் பார்த்திருக்கிறான். வெட்டாமல் விட்டால் அது எவ்வளவு பெரிதாகும், வெட்டவே தேவைப்படாத ஒரு தோட்டம் எப்படிப்பட்ட வீட்டில் இருந்திருக்கும், அந்த வீட்டுப் பெண் ஏன் வங்காளியில் எழுதாமல் ஆங்கிலத்தில் எழுதினாள் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கேள்விகள் வந்தன. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துக் கல்கத்தாவைப் பற்றி அன்று பேசியதை என் பாடக்குறிப்பில் நான் எழுதியிருக்கவில்லை. எல்லாம் அவன் கேள்வியிலிருந்து வந்தது.

பிறகு, மரத்திலிருந்து ஒப்பாரி போல ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது, அது கூழாங்கல் கரையில் கடல் மோதுவதுபோல் இருக்கிறது என்று கவிஞர் சொல்லும் வரிகளுக்கு வந்தோம். கடலோரக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவி. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். புத்தகத்தில் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேலும் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் அவளால் வாய்விட்டுப் படிக்க முடியும். அந்த வரிகளைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தவள், நான் கேட்காமலேயே சொன்னாள்: "ராத்திரி காத்தடிச்சா எங்க ஊருத் தோப்பும் இப்படித்தான் சார் இரையும். கடல் இரையுதா, தோப்பு இரையுதான்னு படுத்திருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது." நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் கேட்ட ஓசையைத் தன் காதால் கேட்டவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். எனக்கு அந்த ஓசை அதுவரை அச்சில் மட்டும்தான் தெரியும்.

அந்த மாணவி பொதுத்தேர்வில் அந்த வரியைச் சந்தித்திருந்தால், அதில் அமைந்த அணி எது என்று கேட்டிருப்பார்கள். உவமை என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்திருக்கும். அவள் வகுப்பில் சொன்ன வாக்கியத்தை, தவறான ஆங்கிலத்திலாவது, எழுதுவதற்கு அந்த வினாத்தாளில் இடமே கிடையாது. அந்தக் கவிதைக்கு என்னால் இரண்டு பாடவேளைதான் ஒதுக்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் திருப்புதல் தேர்வு.

சில ஆண்டுகளுக்கு முன்பு விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில் இதே கவிதைக்கான பத்தி விடைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு கட்டில் இருந்த விடைகளெல்லாம் ஒரே கைடின் ஒரே பத்தி. காற்புள்ளி இருக்கும் இடம்கூட ஒன்று. நடுவே ஒரு விடைத்தாளில் மட்டும், கவிஞரின் மரத்தைத் தன் வீட்டு வாசலில் சாலை விரிவாக்கத்துக்காக வெட்டப்பட்ட புளியமரத்தோடு ஒப்பிட்டு ஒரு மாணவரோ மாணவியோ எழுதியிருந்தார். ஆங்கிலம் பிழை மலிந்தது. ஆனால், கவிதை புரிந்திருந்தது. விடைக்குறிப்பில் உள்ள கருத்துகள் இல்லை என்பதால் ஐந்துக்கு இரண்டு போட்டேன். மற்ற விடைகளுக்கு நான்கும் ஐந்தும் போட்ட அதே பேனாவால் போட்டேன். அது தவறு என்பது அப்போதே எனக்குத் தெரியும். விதிப்படி அதற்கு மேல் போட வழியில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டது இன்றும் உறுத்துகிறது.

பண்பாட்டைக் கற்பிப்பது என்று வரும்போதும் இதே கதைதான். ஜார்ஜ் ஆர்வெல் தேநீர் போடுவது பற்றி எழுதிய கட்டுரை பன்னிரண்டாம் வகுப்பில் பாடமாக இருக்கிறது. ஆர்வெல் எத்தனை விதிகள் சொல்கிறார் என்று கேட்டால், எந்த மாணவரும் பதினொன்று என்று சொல்லிவிடுவார். ஆனால், டீ போடுவதைப் பற்றி ஒரு மனிதர் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுத வேண்டும் என்ற கேள்விக்குப் பாடத்தின் வினாக்களில் விடை கிடைக்காது. அது 1946 ஜனவரியில் வெளியான கட்டுரை. போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பிரிட்டனில் 1940-இல் தொடங்கி 1952 வரை தேயிலைக்கு ரேஷன் இருந்தது. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவு. இதைச் சொன்னவுடன் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ரேஷன் கடை வரிசை அவர்களுக்குத் தெரிந்த உலகம். வெள்ளைக்காரர்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. இந்தியத் தேயிலையோ இலங்கைத் தேயிலையோதான் வேண்டும் என்கிறாரே, அந்த இலையைக் கிள்ளியவர்கள் யார் என்று நான் கேட்டபோது, வால்பாறையில் உறவினர் உள்ள ஒரு மாணவன் கையைத் தூக்கினான். நீலகிரியிலும் ஆனைமலையிலும் இலங்கை மலையகத்திலும் தமிழ்த் தொழிலாளர்கள் பறித்த இலை லண்டன் கோப்பைக்குப் போன வரலாறு, அந்தச் சிறு கட்டுரைக்குள் ஒரே சொல்லில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பிரித்துக் காட்ட அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரம்தான் எங்களிடம் இல்லை.

இப்போது பதினோராம் வகுப்பில் அது கிடைத்திருக்கிறது. பொதுத்தேர்வு நீங்கிய ஓராண்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு இதற்குமுன் கிடைக்காத வாய்ப்பு. ஏனென்றால், பொதுத்தேர்வு இல்லாத பழைய நாள்களில் எங்களிடம் இவ்வளவு நல்ல புத்தகம் இல்லை. புத்தகம் வந்தபோது கூடவே பொதுத்தேர்வும் இருந்தது. ஆகவே, பள்ளிக் கல்வித் துறை பதினோராம் வகுப்பு ஆங்கிலத்துக்குப் பள்ளி அளவில் நடக்கும் தேர்வுகளின் வினாத்தாளைப் பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளின் ஒத்திகையாக அமைக்கக் கூடாது என்று வேண்டுகிறேன். மாணவர்கள் அதுவரை பார்த்திராத ஒரு சிறு கவிதையைக் கொடுத்து, அதில் எந்த வரி மனத்தில் நின்றது, ஏன் என்று எழுதச் சொல்லலாம். கவிதை வரியைச் சான்றாகக் காட்டி எழுதும் எந்த விடையையும் ஏற்கலாம் என்ற ஒற்றை வாக்கியத்தை விடைக்குறிப்பின் தலைப்பில் சேர்க்கலாம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை வாய்விட்டுப் படிப்பதற்கு ஒதுக்கினால், தலைக்கு மேல் தமிழில் எழுதிப் படிக்கும் பிள்ளைகள், ஆண்டு முடிவதற்குள் அந்தப் பென்சில் எழுத்துகளை அழித்துவிடுவார்கள்.

கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தேவை பேச்சு ஆங்கிலமும் இலக்கணமும்தான், கவிதை ஆடம்பரம் என்று சக ஆசிரியர்களே என்னிடம் சொல்வதுண்டு. அவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். வேலைக்கான நேர்காணலில் திக்கி நிற்கும் பட்டதாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால், பேசுவதற்கு ஒரு செய்தி மனத்தில் திரண்டால்தான் வாய் திறக்கும். என் வகுப்பில் ஆண்டு முழுவதும் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசாத பையன், புளியமரத்தையும் சவுக்கையும் பற்றிய விவாதத்தில் நான்கு அரைகுறை வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொன்னான். இலக்கணப் பயிற்சித்தாள் எதுவும் அவனைப் பேச வைத்ததில்லை.

புதிய பாடநூல்களை எழுதப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்போதைய பன்னிரண்டாம் வகுப்பு நூலில் கி.ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கில மொழிபெயர்ப்பில் பாடமாக இருக்கிறது. ஊரில் யார் செத்தாலும் பிணத்தை உட்கார்த்தி வைக்க இரவல் போகும் அந்த நாற்காலியின் கதையை ஆங்கிலத்தில் படித்துச் சிரிக்காத பிள்ளைகள், நான் மூலத்தைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, இந்தச் சிரிப்பு எந்த வரியில் தொலைந்தது என்று தேடினோம். மாமன், சித்தப்பா, பெரியப்பா எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கும் மொழி எந்த மாதிரிக் குடும்பத்திலிருந்து வந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். ஆங்கிலப் பண்பாட்டைப் பற்றி என் வகுப்பில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுதான். இத்தகைய பாடங்களில் தமிழ் மூலத்தின் இரண்டு பக்கத்தையாவது அருகில் அச்சிட்டுத் தந்தால், தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடத்தை நடத்த முடியும்.

புதிய நூல் வரச் சில காலம் ஆகலாம். ஆனால், பதினோராம் வகுப்புக்கு அடுத்து வரும் தேர்வின் வினாத்தாளில், பாடப்புத்தகத்தில் இல்லாத எட்டு வரிக் கவிதை ஒன்றை அச்சிட்டு, கீழே ஒரு திறந்த வினாவை வைப்பதற்கு நூல் எதுவும் தேவையில்லை. வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் முடிவு செய்தால் இந்த ஆண்டே செய்யலாம்.

இப்படிக்கு,
முதுகலை ஆங்கில ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
கடலூர் மாவட்டம்.