வயதான நாய்க்கு டெஸ்ட் எடுக்கும் முன் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்களுக்குக் கண்டனூர். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, திறந்திருக்கும் வீடுகளில் ஒரு ஆச்சியோ ஐயாவோ இருப்பார்கள், துணைக்கு வயதான நாயோ பூனையோ இருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அந்த வாயில்லா ஜீவனுக்கு உடம்புக்கு வந்தால் என்ன டெஸ்ட் எடுப்பது, எதுவரை வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியது எங்களைப் போன்ற கிழடுகள்தான். யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு தடவை தப்பு செய்தோம், இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

முதலில் ராணி. ஒன்பது வயதுப் பெட்டை நாய், கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. பருவத்துக்கு வந்து போய் ஒரு மாதம் இருக்கும், திடீரென்று தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தது, இரண்டாம் கட்டில் இருந்த பித்தளை அண்டாவிலேயே வாயை வைத்துக்கொண்டு நின்றது, சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயசாயிருச்சு, வெயில் வேற என்று நாங்களே சொல்லிக்கொண்டு நாலு நாள் சும்மா இருந்துவிட்டோம். ஐந்தாம் நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் பெட்டைகளுக்கு இப்படி வரும், முதலிலேயே ஒரு ஸ்கேன் எடுத்து கருப்பையை எடுத்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றார். அன்று ராத்திரியே போய்விட்டது.

அப்புறம் சிப்பி. சிப்பிப்பாறை இன ஆண் நாய், 13 வயது. மெலிந்துகொண்டே போனான், ஆத்தங்குடிக் கல் தரையில் பின்னங்கால் வழுக்கி வழுக்கி விழுந்தான், முகப்பிலிருந்து பட்டாலை வரை சாக்கு விரித்துப் போட்டோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் நாலுக்கு மேல். நாய்க்கு ஏறக்குறைய ஒன்றரைக்குள் இருக்க வேண்டியது, சிறுநீரகம் முக்கால்வாசி வேலையை நிறுத்திய பிறகுதான் இது ஏறுமாம். அந்த ரத்த டெஸ்ட்டும் கூடவே எடுத்த சிறுநீர் டெஸ்ட்டும் அவசியமானவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அதற்கு மேல் நடந்ததுதான் தப்பு. ராணியை விட்ட குற்ற உணர்ச்சி எனக்கு. "காசப் பாக்காதீங்க ஆத்தா, எல்லா டெஸ்ட்டும் எடுத்துருங்க" என்று சிங்கப்பூரிலிருந்து மகன். மதுரையில் ஒரு தனியார் கிளினிக்குக்கு மூன்று தடவை காரில் கொண்டுபோனோம். எக்ஸ்ரே, எக்கோ, ஸ்கேன், மறுபடியும் முழு ரத்தப் பரிசோதனை. எது எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை, பில் வந்தபோதுதான் என்னென்ன எடுத்தார்கள் என்றே தெரிந்தது. போக வர வழியெல்லாம் நுரை நுரையாக வாந்தி, வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டான். அத்தனைக்கும் பிறகு மருந்துச் சீட்டில் ஒரு வரிகூட மாறவில்லை.

நாலாவது தடவை, பெரிய ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொன்னபோது, எங்கள் பக்கத்து அரசு கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கேட்டது இதுதான்: "கட்டின்னு வந்தா ஆபரேஷனுக்குக் கொடுப்பீங்களா ஆச்சி?" இந்த வயதில், இந்தக் கிட்னியோடு, மயக்க மருந்து கொடுக்க எனக்குச் சம்மதமில்லை என்றேன். "அப்ப எதுக்கு எடுக்கப் போறீங்க?" என்றார். இதை முதல் நாளே யாராவது கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு எல்லாம் வீட்டிலேயே. பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி குத்தி சலைன் ஏற்ற எங்கள் வீட்டு ஐயாவுக்கு டாக்டரே சொல்லிக் கொடுத்தார். ஏற்றி முடித்ததும் முதுகில் ஒரு கைப்பிடி அளவு திமில் மாதிரி நிற்கும், பொழுது சாய்வதற்குள் முன்னங்கால் பக்கம் இறங்கி வடிந்துவிடும். கறி எலும்பை நிறுத்தினோம், குழைந்த சோற்றில் முட்டை வெள்ளைக் கரு, சாப்பாட்டுக்கு முன் வாந்தி மாத்திரை. நாலு மாதம் நன்றாகவே இருந்தான். இரண்டு நாள் வாயில் எதுவும் வைக்காமல், தானாக எழுந்து வாசலுக்குப் போக முடியாமல் ஆனால் ஊசி போட்டு அனுப்பிவிடுவது என்று டாக்டரும் நாங்களும் முன்பே பேசி வைத்திருந்தோம், அந்த நாள் வந்தபோது அவர் வீட்டுக்கே வந்தார், சிப்பி சாக்கு மேலேயே படுத்திருந்தான்.

இன்னொன்று. கால் வலிக்கிறதே என்று மனிதர்கள் போடும் வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே உண்டு. டைக்ளோஃபெனாக் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், பூனைக்குப் பாராசிட்டமால் உயிரையே எடுத்துவிடும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கிளினிக் நடத்துபவர்களிடம் கேட்பது: டெஸ்ட் எழுதும்போதே அது எதற்கு, இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம், எவ்வளவு ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது, பிள்ளைகளுக்குப் போனில் படித்துக் காட்டவாவது உதவும். கால்நடைத் துறையிடம் கேட்பது: ஆடு மாட்டுக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் அடித்தால் வண்டி வருகிறது, நல்ல விஷயம். அதே மாதிரி காரைக்குடியில் வாரம் ஒரு மதியமாவது வயதான நாய் பூனைகளுக்கென்று ஒதுக்கி, ஸ்கேன் வசதியோடு பார்த்தால், நாங்கள் மதுரைக்கும் ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்கும் அலைய வேண்டாம்.

உங்கள் பத்திரிகையிலும் ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்டனூர், சிவகங்கை மாவட்டம்.