ஆயா போட்டோ எப்படி எடுத்தேன்னு கேட்டியே

பாப்பா,

நல்லா இருக்கியாம்மா, மாப்ள, குட்டிப் பையன் எல்லாம் சௌக்கியமா. ஆயா போட்டோவ பாத்துட்டு எந்த ஸ்டூடியோ, நைனான்னு கேட்டிருந்த, ஸ்டூடியோ எல்லாம் இல்லம்மா, நம்ம சத்துவாச்சாரி வீட்டு ஹால்ல வடக்குப் பக்கம் ஜன்னல் இருக்குதில்ல, அது கிட்ட உக்கார வெச்சி தான் எடுத்தேன்.

தாத்தா போனப்போ மால போட ஒரு நல்ல போட்டோ இல்லாம, குடியாத்தம் கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோலருந்து மூஞ்சிய மட்டும் வெட்டிப் பெருசாக்கினோமே, ஞாபகம் இருக்கா. கடைக்காரர் சுருக்கத்தை எல்லாம் துடைச்சி, நிறத்தையும் வெளுப்பாக்கி குடுத்துட்டாரு. இன்னிக்கும் நிமிந்து பாத்தா அது அவரு மாதிரி இல்ல, எனக்கு மனசு ஆறல. ஆயாவுக்கு அப்படி ஆவக் கூடாதுன்னு தான் கேமராவ தூக்கினேன்.

இந்த மார்கழில வடக்கு ஜன்னல்ல நேர் வெயிலு விழாது, வெளிச்சம் மெத்துன்னு வரும். மொதல்ல டியூப்லைட்ட ஆஃப் பண்ணு, ரெண்டு வெளிச்சம் கலந்தா பாதி மூஞ்சி ஒரு கலரு மீதி ஒரு கலருன்னு ஆயிடும். வெயிலு நேரா அடிக்கிற ஜன்னலா இருந்தா வெள்ள வேட்டிய ஒத்தையா கட்டி விடு போதும். ஜன்னல் பக்கம் இல்லாத கன்னம் இருட்டா தெரிஞ்சிது, டிவி பெட்டில வந்த வெள்ள தெர்மாகோல உங்கம்மா அந்தப் பக்கமா பிடிச்சிகினு நின்னாங்க, ஜன்னல் வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி கண்ணுக்குக் கீழ இருந்த நிழல் அப்படியே கரைஞ்சிது. சுவத்தோட ஒட்டி உக்கார வெக்காத, நாலடி முன்னாடி இழுத்துக்கோ.

நீ அனுப்புற போட்டோல குட்டி மூக்கு பெருசா தெரியுதுன்னு சொல்றியே, கிட்ட போயி எடுக்கிறதால தான் அது. போன்ல 2 எக்ஸ் ஜூம் வெச்சி தள்ளி நில்லு. நான் 50 எம்எம் லென்ஸ்ல எஃப் 2.8 வெச்சேன், அதான் லென்ஸ் வாய் தொறக்கிற அளவு, ஷட்டர் 125, அதாவது ஒரு செகண்ட்ல 125ல ஒரு பங்கு. குட்டி ஆடிகினே இருப்பான், அவனுக்கு 250க்கு மேல வேணும், ஐஎஸ்ஓ, அதான் கேமரா வெளிச்சத்த வாங்குற அளவு, ஏறி புள்ளி புள்ளியா வந்தா பரவால்ல, ஆட்டம் விழுந்தா போட்டோ போச்சி. ஃபோகஸ் கண்ணுல, கேமராவுக்குக் கிட்ட இருக்கிற கண்ணுல. இன்னொண்ணு, பின்னாடி வெள்ளச் சுவரு இருந்தா கேமரா மொத்தத்தையும் இருட்டாக்கிடும், நம்ம மாநிறம் கறுத்துப் போயி தெரியும். எக்ஸ்போஷர, அதான் போட்டோவோட வெளிச்சத்த, 0.7 ஏத்து, போன்லன்னா மூஞ்சிய தொட்டு மேல தள்ளு. அப்புறமா கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்காதம்மா, ஆயா நிறம் ஆயா நிறம் தான்.

ஆனா அது எல்லாத்தையும் விட பெரிய வேல, ஆயாவ வெறப்பா இல்லாம உக்கார வெக்கிறது. கேமராவ கண்டா கைய மடியில வெச்சிகினு பள்ளிக்கூடத்துல உக்காந்த மாதிரி ஆயிடுவாங்க. அதனால முருங்கக்கீரய முறத்துல போட்டு குடுத்துட்டேன். ஆய்ஞ்சிகினே உன் சின்ன வயசு கத, நீ பாலாத்து மணல்ல செருப்ப தொலச்சிட்டு அழுதுகினு வந்தது, அத சொல்லிகினு இருந்தாங்க. சொல்லிட்டு நிமிந்தாங்க பாரு, விரல்ல கீர ஒட்டிகினு, கம்மலு இழுத்து நீண்ட காது தெரிய, கண்ணு மட்டும் சிரிக்குது. அறுவது எழுவது எடுத்ததுல அது ஒண்ணு தான். கண்ணாடில ஜன்னல் பளபளன்னு தெரிஞ்சிது, காதுகிட்ட கம்பிய கொஞ்சம் தூக்கி விட்டேன், போயிடுச்சி.

குட்டிய எடுக்கும்போது தரையில உக்காந்துக்கோ, அவன் கண்ணு மட்டத்துக்கு கேமரா இருக்கணும். பொங்கலுக்கு ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வெக்கிறேன், அத அவன் கையில குடுத்துட்டு எடுப்போம்.

காணும் பொங்கல் அன்னிக்கு காலைல 8 மணிக்குள்ள எல்லாரும் மொட்ட மாடில, டேங்க் நிழல்ல. அப்புறம் வெயிலு ஏறிடும். ஒம்போது பேரு ரெண்டு வரிசையா நிக்கணும், ரெண்டு வரிசையும் தெளிவா விழ எஃப் 5.6 வெச்சி, 10 செகண்ட் டைமர்ல நானும் ஓடி வந்து நிக்கிறேன், இத்தன வருஷ போட்டோல நான் எதுலயும் இல்லன்னு ஆயாவுக்கு ஒரே கொற. மாப்ளய கட்டம் போட்ட சட்ட வேணாம்னு சொல்லு. உன் டிரைபாட மறக்காம எடுத்துகினு வா, என்னோடதுல ஒரு காலு நிக்க மாட்டேங்குது.

நைனா