பிளேட்டு கொடுத்தவர்களுக்கும் காது கொடுத்தவர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். எங்களிடம் வந்து சேர்ந்த பழைய நாடகப் பாட்டு கிராமபோன் பிளேட்டுகளை டிஜிட்டலாக மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. கேட்க விரும்பும் எல்லோருக்கும் இனி அவை இலவசம். இதில் என் பங்கு என்று பார்த்தால் ஊசியைத் தூக்கி வைத்ததும் கணினியில் பட்டனை அழுத்தியதும்தான். மற்றதெல்லாம் செய்தவர்கள் வேறு பலர். அவர்களுக்கு ஊரறிய ஒரு நன்றி சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி காரைக்குடி ஆச்சிக்கு. வள்ளி திருமண செட்டு ஒன்று முழுசாக அவர் வீட்டில் இருந்தது. முழுசாக என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பத்து அங்குலப் பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் கொள்ளும். அதனால் ஒரு நாடகத்தைப் பல பிளேட்டுகளில் பிரித்துப் போட்டு செட்டாக விற்றார்கள். நடுவில் ஒன்று உடைந்துபோனால் வேலன் வேடன் எங்கே போனான், யானை எப்போது வந்தது என்று ஒன்றும் புரியாது. ஆச்சி மரப்பெட்டியில் பிளேட்டுகளைப் படுக்கப் போடாமல், நடுவில் பழைய வேட்டித் துணி கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார். "விலைக்குத் தரமாட்டேன், கடனாத் தாரேன். எடுத்த வரிசையிலேயே திருப்பி அடுக்கிரணும்" என்றார். ஆச்சி, அடுக்கியாயிற்று.

மதுரையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. பித்தளை, அலுமினியம் மாதிரி இதற்குச் சந்தை விலை கிடையாது என்பதால் அவருக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. பிளேட்டோ ஓடியன் கம்பெனிப் பிளேட்டோ மூட்டையில் கண்ணில் பட்டால் உடனே போன் வரும். இரும்பு ஊசி டப்பாக்களும் அவர் தந்தவைதான். அவற்றைப் பார்க்க வைத்திருக்கிறோம், பிளேட்டில் வைப்பதில்லை. அந்தக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கணக்கு. பிளேட்டில் அரக்கோடு கல்தூளும் கலந்திருக்கும். அந்தத் தூள் ஊசியைத் தேய்த்து, பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும். சிக்கனம் பார்த்து அதே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்ட வீடுகளில் தேய்மானம் பிளேட்டுக்குப் போயிருக்கிறது. உச்சஸ்தாயி வரும் இடங்களில் பள்ளம் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே தெரியும்.

துடைக்கும் பக்குவம் சொன்னவர் ஓர் ஆசாரி. தச்சுவேலைக்காரருக்கும் பிளேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே அவர்கள் மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறார்கள்? பிளேட்டும் அரக்குதான். ஸ்பிரிட் பட்டால் பாட்டு கரைந்துவிடும் என்று அவர் சொன்னதைப் பட்டறை நிபுணர்களின் நூறு குறிப்புகளுக்குச் சமமாக வைப்பேன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், மெல்லிய பிரஷ், நடுவில் உள்ள காகித லேபிளில் ஈரம் படாமல் ஒரு மூடி. அவ்வளவுதான் எங்கள் சலவைக்கூடம்.

ஊசி விஷயத்தில் கைகொடுத்தவர் ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். பின்னால் வந்த நீண்ட நேர எல்.பி. தட்டுக்கான ஊசி முனையின் ஆரம் சுமார் 0.025 மில்லிமீட்டர். பழைய பிளேட்டுக்கு அதைப்போல மூன்று மடங்கு தடிமன் வேண்டும். மெல்லிய ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறங்கி அங்கே கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும். பெரியவர் ஒன்றுக்கு நாலு தடிமனில் ஊசி தேடிப் பிடித்துக் கொடுத்தார். பள்ளத்தின் சுவர் எந்த உயரத்தில் தேய்ந்திருக்கிறதோ அதற்கு மேலேயோ கீழேயோ உட்காரும் ஊசியைப் போட்டால், தேயாத இடத்திலிருந்து பாட்டு வரும். கொரகொரவென்று இரைந்த பிளேட்டு, ஊசி மாற்றியதும் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடியதை நானே கேட்டேன்.

ஆர்மோனிய அண்ணனைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 78 என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே தவிர, எல்லாப் பிளேட்டும் நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. சில அதற்குக் கீழே, சில 80க்கும் மேலே. 1925இல் மின்சாரப் பதிவு வருவதற்கு முன்னால், மைக் இல்லாமல் பெரிய குழாய்க்கு முன் நின்று பாடிய காலத்துப் பிளேட்டுகளில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும். பாட்டும் ஓட ஆரம்பித்துவிடும். சரியான வேகம் எது என்று கணினி சொல்லாது. அதற்குக் காது வேண்டும்.

அண்ணன் ஆயுசெல்லாம் ஸ்பெஷல் நாடக (நிலையான கம்பெனி இல்லாமல், அந்தந்த நாடகத்துக்கு நடிகர்களைச் சேர்த்துப் போடும் நாடகம்) மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர். தன் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். பிளேட்டின் சுருதி அவர் பெட்டியில் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்தால் புருவம் உயரும். அதோடு நிறுத்தவும் மாட்டார். அந்தக் காலப் பெட்டி எல்லாம் ஒரே சுருதியில் இருந்ததா என்ன? "பாட்டை விட்டுட்டு வசனத்தைப் போடு" என்பார். பாட்டு வேகமாகப் போனால் காலப் பிரமாணம் (பாட்டின் நடை வேகம்) அப்படி என்று நினைத்துக்கொள்ளலாம். பேச்சு வேகமாகப் போனால் யாருக்கும் காட்டிக்கொடுத்துவிடும்.

லேபிள் கிழிந்த ஒரு பிளேட்டு 78இல் ஓடியபோது, பாடுவது பாய்ஸ் கம்பெனி (சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழு) பையன் என்றே எல்லோரும் நினைத்தோம். சுருதி ஆறு கட்டைக்கும் ஆறரைக்கும் நடுவில் தொங்கியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு "இறக்கு, இன்னும் இறக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். 72க்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். பையன் போய் வளர்ந்த ஆம்பளை வந்து நின்றார். "அஞ்சரைக் கட்டை. கடைசி வரிசைக்குக் கேக்கணும்னா இங்கதானப்பா பாடணும்" என்றார். பாடியவர் மூச்சு வாங்கும் இடங்கள்கூட அப்போதுதான் இயல்பாக விழுந்தன. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தவர். அவர் குரல் என்று நமக்கு மிஞ்சியிருப்பது பிளேட்டு மட்டும்தான். அந்தத் தலைமுறைப் பாட்டை அரைக் கட்டை ஏற்றிக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை என்பது அண்ணன் கட்சி. என் கட்சியும் அதுதான்.

இரைச்சல் குறைத்துத் தந்த தம்பிக்கு நன்றி. குறைக்காமல் விட்டதற்கு அதைவிடப் பெரிய நன்றி. கீறல் விழுந்த பிளேட்டு ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டொக்' என்னும். ஒரு பக்கத்துக்கு இருநூறுக்கு மேல் டொக்குகள். அவற்றை ஒவ்வொன்றாகக் கையாலேயே எடுத்தார். ஆனால் பின்னால் ஓடும் 'ஸ்ஸ்' சத்தத்தை முழுதாகத் துடைக்க மறுத்துவிட்டார். துடைத்தால் ஆர்மோனியத் துருத்தியின் மூச்சும், தாளம் தட்டிய பிறகு தங்கும் ரீங்காரமும் சேர்ந்து போய்விடுமாம். பளிச்சென்று இல்லையே என்று குறைப்படுபவர்களுக்கு: எதையும் தொடாத மூலப் பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் தனியாக இருக்கிறது. உங்கள் இஷ்டப்படி துடைத்துக்கொள்ளுங்கள்.

பிளேட்டு நடுவில் பொறித்த எண்களைச் சாய்வாக டார்ச் அடித்துப் படித்துப் பட்டியல் போட்ட கல்லூரி மாணவிகளுக்கும் நன்றி. லேபிளில் இருந்த பழைய எழுத்துக்கூட்டலை அவர்கள் திருத்தாமல் விட்டது நல்ல காரியம்.

அப்புறம் வக்கீல் அக்கா. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். பாட்டு எழுதியவருக்கான உரிமை வேறு, அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள். இரண்டையும் பிளேட்டு பிளேட்டாகப் பார்த்துத் தந்தார், காசு வாங்கவில்லை. 1922இல் மறைந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டுக்குச் சிக்கலே இல்லை. பாரதியார் பாட்டு எப்போதோ நாட்டுடைமை ஆகிவிட்டது. ஆனால் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல் என்பதால் அவர் பாட்டுள்ள பிளேட்டுகளைப் பதிந்து வைத்திருக்கிறோமே தவிர, 2033 முடியும்வரை வெளியே விடுவதாக இல்லை. கேட்டு எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிளேட்டு தந்த வீடுகளுக்கெல்லாம் பிளேட்டோடு ஒரு பென்டிரைவும் வந்து சேரும். வேறு யார் வீட்டுப் பரணிலாவது இன்னும் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தபாலிலோ பார்சலிலோ அனுப்ப வேண்டாம், உடைந்துவிடும். நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம். பவளக்கொடி நாடக செட்டில் எங்களுக்கு இன்னும் மூன்றாவது பிளேட்டு வேண்டும்.

நன்றியுடன்,
பிளேட்டு நண்பர்கள் சார்பில்
மதுரை