அந்தப் பெரிய வித்துவானுக்கு நன்றி

ஐயா, பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று சொல்லியனுப்பினீர்கள். சரி, எழுதவில்லை. நன்றியை மட்டும் நாலு பேர் படிக்கும்படி சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தம்தான் எங்களைப் போன்ற நாதஸ்வரக்காரர்களுக்கு வருஷத்துச் சாப்பாடு. அந்த வருஷம் திருவிழா இல்லை, கல்யாணத்தில் மேளம் இல்லை. வாங்கிய அட்வான்ஸையும் திருப்பிக் கேட்டார்கள். அப்போதுதான் உங்களுக்குத் தம்பூரா போடும் தம்பி போன் செய்து வங்கிக் கணக்கு எண் கேட்டார். கோயில் திறக்கும்வரை மாதாமாதம் பணம் வந்தது.

அப்புறம் ஒரு பார்சல். பிரித்தால் சீவாளிகள், நாதஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் நாக்குகள்! காவிரிக்கரைக் கொறுக்கை என்னும் நாணல் தட்டையில் செய்து, அடியில் நூல் இறுக்கிச் சுற்றியவை. என் வாத்தியத்தின் சுருதியை விசாரித்து அதற்குப் பொருந்துவதாக வாங்கியிருந்தீர்கள். வீட்டில் இருந்தவை காய்ந்து பிளந்திருந்தன. அரிசிக்குப் பணம் தர இன்னும் சிலர் இருந்தார்கள். சும்மா கிடந்த வாத்தியத்தை நினைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா 1963-ல் பதிவு செய்த சுப்ரபாதத்தின் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்தார். 1974-ல் வந்த மக்சேசே விருதுப் பணமும் தர்மத்துக்குத்தான் போனது. அந்த வழியில் வந்தவர் நீங்கள்.

பணத்தைத் திருப்பித் தர வந்தபோது, கஷ்டப்படும் ஒரு தவில்காரரிடம் கொடுக்கச் சொன்னீர்கள். கொடுத்துவிட்டேன், ஐயா. அவர் தவிலுக்குப் புதுத்தோல் போட்டு, ஆவணி முகூர்த்தங்களிலிருந்து என்னோடுதான் வாசிக்கிறார்.